வீட்டு முற்றத்தில் கூட்டாகக் கார் சர்வீஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஒருவர் வீட்டு முற்றத்தில் அவரவர் காருக்கு ஆயில், பில்டர், பிரேக் பேட் மாற்றிக்கொள்வது நடக்கக்கூடிய காரியம்தான். தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் இதைத் தொடங்கியபோது நட்டு போல்ட்டைவிட மற்ற விஷயங்களில்தான் அதிகம் திண்டாடினோம். பொருந்தாத பில்டர், ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடந்த கடை, பழைய ஆயிலை யாரிடம் கொடுப்பது என்ற குழப்பம் என்று ஒவ்வொன்றாக வந்தது. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த முடிவெடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: காலையில் ஓடி வந்த கார், மாலையில் தானே ஓடி வீட்டுக்குப் போகுமா? சந்தேகம் இருந்தால் அந்த வேலை அன்றைக்கு வேண்டாம்.

1. எத்தனை கார், என்னென்ன வேலை

முதல் முறைக்கு மூன்று கார் போதும். பழக்கமில்லாத கைகள் ஒரு காருக்கு ஆயிலும் மூன்று பில்டரும் மாற்ற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரேக் பேட் மாற்ற இன்னொரு இரண்டு மணி நேரம். நான்காவது கார் வந்தால் கடைசிக் காரை டார்ச் வெளிச்சத்தில் முடிக்க வேண்டியிருக்கும், தவறு நடப்பதும் அப்போதுதான்.

புதியவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை: இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், ஏசி பில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி. பிரேக் பேட், ஸ்பார்க் பிளக் இரண்டும் பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் நின்றால் மட்டும்.

தொடவே கூடாதவையும் உண்டு. ஏசி கேஸ், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதுவும், சிஎன்ஜி லைன், ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்கள், டைமிங் பெல்ட், கிளட்ச். 'யூடியூபில் பார்த்தேன், சுலபம்' என்று யாராவது கிளம்புவார்கள். அவரிடம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் 'வேண்டாம்' சொல்லிவிடுங்கள். பின் சக்கரத்தில் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள காராக இருந்தால் பின் பேடை விட்டுவிடுங்கள். பேடை அழுத்தும் அதன் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் காரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், பல கார்களில் அதற்குக் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவை.

வாரண்டியில் உள்ள காரையும் சேர்க்காதீர்கள். பணம் கட்டி நீட்டித்த வாரண்டிக்கும் இதுவே. நாளைக்கு இன்ஜினில் பிரச்சினை என்று போனால், குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்தீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஓர் ஆயில் மாற்றத்தில் மிச்சமாகும் பணத்துக்காக அந்தச் சண்டையை விலைக்கு வாங்க வேண்டாம்.

2. நாளும் இடமும்

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை வையுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை பக்கமெல்லாம் ஞாயிறன்று பெரும்பாலான உதிரிபாகக் கடைகளுக்கு விடுமுறை. நடு வேலையில் ஒரு வாஷர் இல்லையென்றால் அந்தக் கார் திங்கட்கிழமை வரை உங்கள் வாசலில்தான் நிற்கும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு நல்லவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஈரத் தரையில் ஜாக்கி வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் உச்சி வேளைக்கு மேல் காரின் அடியில் படுக்கவே முடியாது. எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்கு முதல் கார் உள்ளே வந்துவிட வேண்டும். பத்து மணிக்குத் தொடங்கினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம்.

தரை சமமான, கெட்டியான சிமென்ட் தளமாக இருக்க வேண்டும். மண், மணல், சரிவு எதுவும் ஆகாது. டைல்ஸும் தார்த் தரையும் கூடத் தொல்லைதான். ஒன்று உடையும், இன்னொன்று வெயிலில் இளகி, தூக்கிய காரைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டின் கால்கள் அமுங்கும். வேறு வழியே இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பிளைவுட் பலகை போடுங்கள். தெருவில் வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். அது பொது இடம், குழந்தைகளும் வண்டிகளும் போய்வரும் இடம்.

அடுக்ககம் என்றால் சங்கச் செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதத்தில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: தேதி, நேரம், எத்தனை கார், கழிவு ஆயிலை நீங்களே அப்புறப்படுத்துவீர்கள் என்ற உறுதி. வாய்மொழியாகச் 'சரி' என்றவர், அன்று காலை யாராவது புகார் செய்ததும் பின்வாங்கிவிடுவார். மூடிய தரைத்தளப் பார்க்கிங்கில் இன்ஜினை ஓட விடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

3. காகிதங்கள்

வேலை முடிந்ததும் காரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள். ஆகவே ஒவ்வொரு காருக்கும் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஓட்டுபவரின் லைசென்ஸ் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். புகைச் சான்றிதழ் தேதியை முன்கூட்டியே பாருங்கள், பலருக்கும் காலாவதியானது தெரிந்தே இருக்காது.

அடுத்து, காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவல். ஆயில் எந்த கிரேடு, எத்தனை லிட்டர், சக்கர நட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் அளவு), ஜாக்கி எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. புத்தகம் தொலைந்திருந்தால் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல், வருடம் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் காரின் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். எண்ணெய்க் கையோடு போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறு சேராது. டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் உள்ள போல்ட்) சரியாக இறுகாமல் ஆயில் ஒழுகி இன்ஜின் போனால், அது முழுக்க கார்க்காரர் செலவு. வரும் ஒவ்வொருவருக்கும் இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'என் காரில் நடக்கும் வேலைக்கு நானே பொறுப்பு, உதவுகிறவர்களைப் பொறுப்பாக்க மாட்டேன்' என்று வாட்ஸப் குழுவில் ஒவ்வொருவரும் எழுதட்டும். இது சட்டக் கேடயம் ஆகாது. ஆனால் பல வருட நட்பு ஒரு போல்ட்டால் உடையாமல் இருக்க இது உதவும். இன்னொன்று, நண்பர்களுக்குள் யாரும் யாரிடமும் கூலி வாங்காதீர்கள். வாங்கினால் எதிர்பார்ப்பும் பேச்சும் மாறிவிடும்.

4. உதிரிப் பாகங்கள்

அவரவர் பாகத்தை அவரவரே வாங்க வேண்டும், பத்து நாள் முன்பே. கார் பெயரைச் சொல்லி வாங்கினால் தப்பாகத்தான் வரும். ஒரே பெயரில் பெட்ரோலும் டீசலும் இருக்கும், வருடத்துக்கு ஒன்றாக இன்ஜினும் மாறியிருக்கும். ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், கம்பெனி உதிரிபாகக் கடையில் அதை வைத்தே சரியான பார்ட் நம்பரை எடுத்துக் கொடுப்பார்கள். ஆன்லைனில் வாங்குவதானாலும் இந்த பார்ட் நம்பரை வைத்தே தேடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஏர் பில்டரையும் ஏசி பில்டரையும் காரில் வைத்தே பார்த்துவிடலாம். எல்லோரும் மறப்பது டிரெயின் போல்ட்டுக்கான வாஷர். சில்லறைக் காசுதான், ஆனால் பழைய வாஷரையே போட்டால் சொட்டுச் சொட்டாக ஒழுக வாய்ப்பு உண்டு. இரண்டாக வாங்கி வையுங்கள்.

ஆயில் அளவை மேனுவலில் பார்த்து வாங்குங்கள். ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல் போன்ற சிறிய இன்ஜினுக்கு மூன்று லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், நான்கு லிட்டர் டப்பாவை முழுக்க ஊற்றினால் இன்ஜினுக்குக் கேடு. கிரேடிலும் 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று சொல்வதைக் கேட்காதீர்கள். புத்தகத்தில் 0டபிள்யூ-20 (0W-20) என்றிருந்தால் அதுதான்.

போலி ஆயிலும் போலி பில்டரும் சந்தையில் நிறைய. டப்பாவின் சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் நம்பர் பாருங்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். கிலோமீட்டரும் தேதியும் குறித்த பில் கோப்பு, காரை விற்கும்போது உங்கள் பக்கம் பேசும்.

5. கருவிகள்

காரோடு வரும் சிறிய ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். அதை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கட்டாயம் வேண்டியவை:

- இரண்டு டன் தாங்கும் டிராலி ஜாக்கி ஒன்று
- ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு ஜோடி
- சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள் நான்கு
- சாக்கெட் செட், ரிங் ஸ்பானர் செட்
- டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்ச்)
- ஆயில் பில்டர் கழற்றும் ரெஞ்ச், பத்து லிட்டர் ட்ரே, புனல்
- பிரேக் கிளீனர், துடைக்கப் பனியன் வேஸ்ட், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி
- ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஒரு வாளி மணல்

சக்கர நட்டின் அளவு காருக்குக் கார் மாறும். மாருதியில் 19, ஹூண்டாயில் 21. இரண்டு சாக்கெட்டும் இருக்கட்டும். அலாய் வீலில் லாக் நட் இருந்தால் அதற்கான சாவி டிக்கியில் இருக்கிறதா என்று முன்பே தேடுங்கள்.

எல்லாம் புதிதாக வாங்கினால் பொதுக் கருவிகளுக்குப் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் ஆகும். தெரிந்தவர்களிடம் ஸ்பானர் செட், ட்ரே, தீயணைப்பான் இரவல் கிடைத்தால் பாதியாகக் குறையும். காசு மிச்சம் பிடிப்பதானால் சாக்கெட்டில் பிடியுங்கள், ஜாக்கி ஸ்டாண்டில் பிடிக்காதீர்கள். வெல்டிங் சரியில்லாத, எடை குறிக்காத ஸ்டாண்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

6. ஒரு மெக்கானிக் அண்ணனை வரச் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மொத்த ஏற்பாட்டிலும் புத்திசாலித்தனமான செலவு. உங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அரை நாளுக்குக் கூப்பிடுங்கள். அவருடைய ஒரு நாள் வருமானத்தைக் கேட்டு, அதைக் குறைக்காமல் கொடுங்கள், எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். 'நாங்கள் செய்கிறோம், நீங்கள் பார்த்து, தப்பு நடக்கும்போது நிறுத்துங்கள்' என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் தடுமாற்றத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்பானரை வாங்கி அவரே முடித்துவிடுவார். மரை எந்த அளவு இறுகினால் போதும் என்ற பக்குவம் அவர் கையில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

7. ஒரு வாரம் முன்பு, ஒரு நாள் முன்பு

ஒரு வாரம் முன்பு ஒவ்வொருவரும் தன் காரின் சக்கர நட்டை அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிய நட்டு சாதாரண ஸ்பானருக்கு அசையாது. அசையவில்லையென்றால் அதே கடையில் தளர்த்தி, அளவாக இறுக்கித் தரச் சொல்லுங்கள். குனிந்து டிரெயின் போல்ட்டின் தலையையும் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் புது போல்ட் வாங்கி வைக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலை முற்றத்தைக் கழுவிக் காய விடுங்கள். அட்டைப்பெட்டிகளை விரித்துத் தயாராக வையுங்கள். கருவிகளை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள், சாயங்காலம் அதே தாளை வைத்துச் சரிபார்க்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டையும் முன்பே சொல்லி வையுங்கள், எண்ணெய்க் கையோடு யாரும் சமையலறைக்குள் போக வேண்டியதில்லை.

உடை முக்கியம். வேட்டி, கைலி, துப்பட்டா, தொங்கும் சட்டை வேண்டாம். மோதிரம், வாட்ச், கைக்கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். பேட்டரி முனையில் மோதிரம் பட்டால் விரலே வெந்துவிடும். செருப்பு கூடாது, மூடிய ஷூதான்.

8. காரைத் தூக்குவது

மற்ற எதில் தவறினாலும் பணம்தான் போகும், இதில் உயிர் போகும். அதனால் ஒவ்வொரு காருக்கும் இந்த வரிசையை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் செய்யட்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில், நிறுத்துங்கள். முன்பக்கம் தூக்குவதானால் பின் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கம் தூக்கும்போது இன்னும் கவனம், ஹேண்ட் பிரேக் பிடிப்பதே பின் சக்கரத்தைத்தான். அது அந்தரத்தில் இருக்கும்போது காரைப் பிடித்து நிறுத்த முன் சக்கரக் கட்டைகளும் கியரும்தான் இருக்கும்.

சக்கரம் கழற்ற வேண்டுமானால் கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துங்கள். பிறகு மேனுவலில் குறித்த இடத்தில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஆயில் சம்ப்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் வைத்தால் சம்ப் நசுங்கும். தூக்கியதும் ஸ்டாண்டுகளை வைத்து, காரை மெதுவாக இறக்கி அவற்றின் மேல் உட்கார வையுங்கள். காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் யாரும் அடியில் இல்லாதபோதே விழட்டும். அசையவில்லையென்றால்தான் உள்ளே போகலாம். கழற்றிய சக்கரத்தையும் காரின் அடியில் படுக்கப் போட்டு வையுங்கள்.

ஒருவர் அடியில் இருக்கும்போது யாரும் காரில் ஏறக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவி அடியில் போகிறவரின் பையில் இருக்கட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரை முன்பே கேட்டு வையுங்கள்.

9. ஆயில் மாற்றம்

இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் சீக்கிரம் இறங்கும், கொதிக்கக் கொதிக்கக் கழற்றினால் கை வெந்துபோகும். மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, கீழே ட்ரே வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சொட்டட்டும்.

பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். சில நேரம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே புது பில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுவதும் தரையில். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்குங்கள். வளையம் தொட்டதும் முக்கால் சுற்று, பெரும்பாலான பில்டருக்கு அவ்வளவுதான். அளவு பில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். ரெஞ்ச் கழற்றுவதற்குத்தான், இறுக்குவதற்கு இல்லை.

டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு முதலில் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் உடனே தெரியும். பிறகு டார்க் ரெஞ்சில், குறித்த அளவுக்கு மட்டும். அலுமினியச் சம்ப்பில் மரை போனால் அன்றைக்கு அந்தக் கார் வீடு போகாது.

சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சரிசெய்யலாம். ஆயில் விளக்கு ஸ்டார்ட் ஆன சில நொடியில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

10. பிரேக் பேட்

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மாட்டும்போது குழப்பம் வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரை (பேடைப் பிடித்து அழுத்தும் பாகம்) அதன் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும், பெயின்டில் பட்டால் அரித்துவிடும். பிரேக்கில் படிந்த தூசியை வாயால் ஊதக் கூடாது, கிளீனர் அடித்துத் துடையுங்கள். பேடின் மேல் கிரீஸோ எண்ணெயோ பட்டுவிட்டால் அந்தப் பேடை மாட்டாதீர்கள்.

எல்லாம் மாட்டியதும், காரை ஓர் அங்குலம் நகர்த்தும் முன், பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும், பேட் டிஸ்க்கைத் தொட்டபின்தான் கெட்டியாகும். இதை மறந்தால் கார் நேராகச் சுவரில்தான் நிற்கும்.

11. ஓட்டிப் பார்ப்பது

சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கியவரே, கார்க்காரர் கண் முன்னால், இன்னொரு முறை பார்க்கட்டும். பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் மெதுவாகப் போய், பிரேக் பிடிப்பதைப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடியில் வெள்ளை அட்டையை விரித்துப் பத்து நிமிடம் நிறுத்தினால் ஒழுகல் இருந்தால் தெரிந்துவிடும்.

12. பழைய ஆயில், பழைய பேட்டரி

கழிவு ஆயில், 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றக் கூடாது. கரையானுக்கு மரத்தில் பூச வேண்டும் என்று கேட்டு வருவார்கள், அவர்களுக்கும் கொடுக்காதீர்கள், அது மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும். புது ஆயில் வந்த டப்பாவிலேயே வடிகட்டி மூடி, 'பழைய ஆயில்' என்று எழுதுங்கள். மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கும் பெரிய சர்வீஸ் நிலையம் எது என்று முன்பே விசாரித்து, வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள். அந்த ஆயிலோடு பெட்ரோல், கூலன்ட், பிரேக் கிளீனர் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் அவர்களும் வாங்க மாட்டார்கள். பில்டரை ஓர் இரவு கவிழ்த்து வடியவிடுங்கள்.

கூலன்ட் சிந்தினால் அங்கேயே துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதன் இனிப்புக்குத் தெரு நாயும் பூனையும் வந்து நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள்.

13. கணக்கு

பொதுச் செலவை, அதாவது மெக்கானிக் கூலி, சாப்பாடு, கிளீனர், கையுறை இவற்றை, அன்று மாலையே சமமாகப் பிரித்து ஜிபேயில் முடித்துவிடுங்கள். பாகம், ஆயில் அவரவர் செலவு. சிறிய பெட்ரோல் காருக்கு ஆயிலும் மூன்று பில்டரும் சேர்த்து இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். முதல் முறை கருவிச் செலவும் சேர்வதால் வெளியில் விடுவதைவிட மலிவு என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்றாவது முறைதான் மிச்சம் தெரியும்.

மறுநாள் காலை ஒவ்வொருவரும் கார் நின்ற இடத்தில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்து, டிப்ஸ்டிக்கையும் பார்த்துக் குழுவில் எழுத வேண்டும். சக்கரம் கழற்றிய கார்கள் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காக அந்த ஒரு ரெஞ்சை மட்டும் அன்றே இரவல் திருப்பாமல், ஒரு வாரம் கையில் வைத்திருங்கள்.